கடைமடையிலிருந்து வராத சேதிகள்

தம்பி,

"கல்யாணம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா" என்று நீ சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டாய். "இருக்குடா, குறிச்ச முகூர்த்தத்துலயே இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன். அம்மா அழுதால் நீ விமானம் ஏறிவிடுவாய் என்று தெரியும். இன்று காலை எழுந்ததும் காபியை ஆற அமர உட்கார்ந்து குடித்தேன். இத்தனை நாளும் அதைக் குடித்தேனா கொட்டினேனா என்றே தெரியாமல் திரிந்திருக்கிறேன். இப்போது நடந்ததை முழுசாக எழுதுகிறேன். நம் வீட்டு மருமகளாக வரப்போகிற தேன்மொழியும் இதைப் படிப்பாள். நம் வீட்டு நியூஸ் சர்வரின் கதை அவளுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன். பொறுமையாகப் படி. மேலே நாலு வரி, கீழே நாலு வரி பார்த்துவிட்டு "படிச்சிட்டேம்மா" என்று சொல்லும் உன் வழக்கம் இதில் செல்லாது.

நான் தஞ்சாவூரில் பாலிடெக்னிக்கில் சி மொழி சொல்லிக்கொடுத்த காலத்தில் அங்கே ஒரு நியூஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்புக்கெல்லாம் முந்தின ஏற்பாடு. பாடத்துக்கு ஒரு குழு. ஒருவர் சேதி போட்டால் எல்லாரும் படிக்கலாம், பதில் போடலாம், எந்தப் பதில் எந்தச் சேதிக்கு என்பதைக் கோத்து வைத்திருக்கும். கல்லூரி அதைக் கைவிட்டபோது எனக்கு மனசு வரவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை மறுபடி ஓட்டினேன். அந்தச் சமயத்தில்தான் நம் வாய்க்கால் பாசன சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தண்ணீர் முறைச் சேதிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. "டீச்சரம்மா, உங்க மிஷின்ல தண்ணி சேதி மட்டும் போட முடியுமா?" என்று கேட்டார்கள். ஊருக்கு ஒருவர் மட்டும் எழுதலாம், எல்லாரும் படிக்கலாம் என்று வைத்தேன். போனில் படிப்பதற்கு நீதான் ஒரு சின்ன ஆப் செய்துகொடுத்தாய். மற்ற ஊர்ச் சேதிதான் அதில் வரும்; தான் போட்டது தனக்கு வராது. செய்யும்போதே முணுமுணுத்தாய்: "யாரும்மா இந்தக் காலத்துல நியூஸ் சர்வர் வெச்சிருக்கா? மியூசியத்துல கூட இருக்காது." மியூசியத்தில் இருக்காது, சரி. நம் வாய்க்காலில் இருக்கிறது. மேல்மடையில் நாம், இடையில் சில ஊர்கள், பூம்புகார் சாலைப் பக்கம் கடைமடையில் தேன்மொழியின் ஊர். கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் மேலே இருப்பவர்கள் தங்கள் வயல் பக்கம் பிரியும் மதகின் ஷட்டரை இறக்க வேண்டும். இறக்க வேண்டுமானால் கீழே தண்ணீர் இல்லை என்பது தெரிய வேண்டும். அதைத் தெரியப்படுத்துவதுதான் இந்தச் சர்வருக்கு இருக்கிற ஒரே வேலை.

தேன்மொழிக்காக ஒரு விளக்கம். ஒரு நியூஸ் சேதி இரண்டு பாகமாக இருக்கும். மேலே ஹெடர்: யார் அனுப்பியது, எந்தக் குழுவுக்கு, என்ன விஷயம் என்று வரிக்கு ஒன்றாக, பெயர் எழுதி, கோலன் என்கிற இரட்டைப் புள்ளி போட்டு அதன் எதிரே விவரம். ஹெடர் முடிந்ததும் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழே இருப்பதெல்லாம் சேதி. அவ்வளவுதான் சட்டம். ஊர்க்காரர்கள் இந்த மாதிரி ஒரு ஃபைல் டைப் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டால், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் அதை எடுத்து வந்து, சி-யில் எழுதிய புரோகிராம் வரிவரியாகப் படித்து, ஹெடரையும் சேதியையும் பிரித்து, உரிய குழுவில் சேர்க்கும். நான் எழுதிய பழைய புரோகிராம் நீளமான தமிழ்த் தலைப்பு வந்தால் மூச்சு வாங்கும். விஷய வரி நீண்டு அடுத்த வரிக்கு மடங்கினால், இடைவெளியில் தொடங்கும் வரி முந்தின வரியைச் சேர்ந்தது என்பதைச் சில சமயம் மறந்துவிடும். நிச்சயதார்த்தத்துக்கு லீவில் வந்தபோது நீ அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். வந்த உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து சி எழுதிக்கொண்டிருந்த கூத்து நம் வீட்டில்தான் நடக்கும். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது? தாலி கட்டுறப்பவாவது கீபோர்டைக் கீழ வெப்பானா?" என்று கேட்டார். ஆனால் நீ எழுதியது நல்ல புரோகிராம், தம்பி. சுத்தமாக இருந்தது. நான் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இன்றைக்கும் அந்தப் பெருமை குறையவில்லை.

நீ புதுப் புரோகிராமை ஏற்றிவிட்டுச் சிங்கப்பூர் போன அதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. கடைமடைச் சங்கத்தில் டைப் செய்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகி அதிராம்பட்டினம் போய்விட்டாள். அவள் எப்போதும் பழைய ஃபைலைக் காப்பி எடுத்து, விஷயத்தை மட்டும் மாற்றி அனுப்புவாள். அவள் போனதும் செயலாளரே, அதாவது உன் மாமனாரே, உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி டைப் செய்ய ஆரம்பித்தார். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைமடையிலிருந்து சேதி வரவில்லை என்பதுதான். வராததைக் கூட நான் கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்குப் பட்டு எடுக்கப் போவதும் பத்திரிகைக்கு மாதிரி பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை என்றால் தண்ணீர் போதுமான அளவு போகிறது போலிருக்கிறது என்று எல்லாரும் இருந்துவிட்டோம். இங்கே நம் வயலில் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. அங்கே நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடுவதற்கு வயலில் சேறு அடிக்கத் தண்ணீர் இல்லை.

போன் செய்து கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். நிச்சயம் முடிந்த பிறகு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுத் தண்ணீர் கேட்பதா? அது சலுகை கேட்பது போல ஆகிவிடாதா? சங்கத்துச் செயலாளராக, நாலு ஊரும் பார்க்கும் இடத்தில் எழுதிக் கேட்பது வேறு. சம்பந்தி முறையில் தனியாகக் கேட்பது வேறு. இந்த ரோசம் நம் பக்கத்து ஆள்களுக்கு உண்டு. உன் அப்பாவுக்கு இல்லையா என்ன? அதனால் உன் மாமனார் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். நாம் வாய் திறக்கவில்லை.

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். "அத்தை, அப்பா கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம்னு சொல்றாங்க. தள்ளிப் போடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் அத்தை. அம்மாகிட்ட தனியா சொன்னாங்களாம்: 'கண்ணெதிர தண்ணி விடாத ஊருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?'" உன்னிடம் உடனே சொல்லவில்லை. அவள் சொல்லியிருப்பாள் என்று உன் குரலிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என்னிடம் சாப்பாடு பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் நடிப்புக்கு ஒரு பரிசு கொடுக்கலாம்.

மறுநாள் காலையில் நானும் உன் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசலில் கோலம் இருந்தது, வாங்க என்ற வார்த்தையும் இருந்தது, முகத்தில்தான் ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மா காபி கொண்டுவந்தார்கள். உன் அப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "சம்பந்தி, தண்ணி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயி ஷட்டரை எறக்கியிருப்பேனே." சம்பந்தி தம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை வார்த்தை சொல்லணும்ங்க? வாரம் தவறாம எழுதுறேன். மேல்மடையில ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலை. நீங்க நடத்துற மிஷின்ல எங்க ஊர் சேதிக்கு மட்டும் பதில் வரலைன்னா நான் என்னன்னு நெனைக்கிறது?" நான், "ஒண்ணுமே வரலையே சம்பந்தி" என்றேன். "அப்ப நான் பொய் சொல்றனா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அப்பா என்னைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று கேட்கிற பார்வை அது. அந்த நிமிஷத்தில் உன் கல்யாணம் எங்கள் நாலு பேர் வாயிலும்தான் இருந்தது, தம்பி. யாராவது ஒருவர் ஒரு சொல் கூடுதலாகப் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

"நீங்க எழுதினதை நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து, உள்ளே இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். ஃபோல்டரில் ஃபைல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தேன். ஹெடர் சரியாக இருந்தது. கோலன்கூட ஒன்று விடாமல் போட்டிருந்தார். கீழே சேதியும் அழகாக இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், தனியாக ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே, மரியாதையாக, ஒரு வெற்று வரி. அடுத்த ஃபைலிலும் பிள்ளையார் சுழி, வெற்று வரி. அதற்கடுத்ததிலும். காகிதத்தில் எழுதினாலும் கம்ப்யூட்டரில் எழுதினாலும் 'உ' போடாமல் மனிதர் எதையும் தொடங்குவதில்லை. உன் புரோகிராம் என்ன செய்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வரியில் கோலன் இல்லை, தள்ளு. அடுத்தது வெற்று வரி, ஹெடர் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த அனுப்புநர், குழு, விஷயம் எல்லாம் அதன் கணக்கில் வெறும் சேதி. யார் அனுப்பியது என்று தெரியாது, எந்தக் குழு என்று தெரியாது. குழு தெரியாததெல்லாம் எங்கே போகும்? குப்பைக் குழுவுக்கு. அரைகுறையாக டைப் செய்த ஃபைல்கள் வந்து விழும் இடம் என்று நான் எட்டிக்கூடப் பார்க்காத இடம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நாள்கணக்காக இருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. உன் அப்பா பதறிப்போய், "ஏய், என்ன இது, எங்க வந்து சிரிக்கிற?" என்று என் கையைப் பிடித்தார். சம்பந்தி முகம் கறுத்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, "பிள்ளையார் சுழி போட்டதுனாலயா சேதி போகலை?" என்றார். "ஆமாங்க." "பிள்ளையாரையே உள்ள விடாத மிஷினு என்னங்க மிஷினு?" உள்ளேயிருந்து தேன்மொழி சிரிக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப நான் எழுதினதெல்லாம் போச்சா?" என்று கேட்டார். "ஒண்ணுகூட போகலைங்க, எல்லாம் எங்க வீட்லதான் பத்திரமா இருக்கு" என்றேன். குப்பை என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. தேன்மொழி, நீயும்தான்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "தண்ணி கெடக்கட்டும்ங்க. மழை வந்தா வருது. நிச்சயம் முடிஞ்ச அந்த வாரமே, எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கேன், நம்ம வாய்க்கால்காரப் பிள்ளைதான், எல்லா ஊரும் வந்து வாழ்த்தணும்னு எழுதினேன். நானா டைப் பண்ணின மொத சேதி அது. மாப்பிள்ளையைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். சம்பந்தி வீட்லேருந்து ஒரு வரி வரும்னு பார்த்தேன். வேற யாராவது சந்தோஷம்னு போடுவாங்கன்னு பார்த்தேன். போனைத் திறந்து திறந்து பார்த்தேன். யாருமே ஒண்ணும் சொல்லலை." தண்ணீருக்காக ஒரு மனுஷன் இவ்வளவு ஒடிந்துபோவாரா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் ஒடிந்தது தண்ணீருக்காக இல்லை. ஆசை ஆசையாகச் சொன்ன ஒரு நல்ல சேதியை நாலு ஊரும் காதில் வாங்காத மாதிரி இருந்ததே, அதற்காக. உன் அப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கை வைத்தார். உன் அப்பாவிடம் இப்படி ஒரு நல்ல குணம் இருப்பது எனக்கே அடிக்கடி மறந்துபோகிறது.

வீட்டுக்கு வந்ததும் உன் புரோகிராமைத் திறந்தேன். முதல் ஹெடர் வருவதற்கு முன்னால் கோலன் இல்லாத வரியோ வெற்று வரியோ வந்தால், அதை வைத்து ஹெடர் முடிந்ததாக முடிவு கட்டாமல் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஹெடரெல்லாம் படித்து முடித்ததும், எடுத்து வைத்ததைச் சேதியின் தலையில் கொண்டுபோய் வைக்கும். 'உ'வைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அது அவர் எழுதிய சேதியின் பாகம். ஹெடரே இல்லாத ஃபைல் வந்தால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். அதற்கும் எழுதியிருக்கிறேன், பார்த்துவிட்டுக் குறை சொல். என் பழைய புரோகிராம் இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்று நினைத்து வருத்தப்படாதே. அது இருந்திருந்தால் கம்ப்யூட்டரே நின்றுபோயிருக்கும். இன்னொன்றும் சேர்த்தேன்: எந்தச் சேதியையாவது தள்ளுவதாக இருந்தால், எழுதியவருக்கு உடனே 'இந்தச் சேதி சேரவில்லை' என்று திருப்பிச் சொல்லிவிடும். நீ எழுதியதில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் அதுதான், தம்பி. பேசாமல் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறது. உன்னிடமும் இந்தக் குணம் உண்டு. பிடிக்காத பேச்சு வந்தால் எதிர்த்துச் சொல்ல மாட்டாய். கேட்டுக்கொண்ட மாதிரி இருந்துவிட்டு மனசுக்குள் எங்கேயோ ஒதுக்கிவிடுவாய். சொன்னவர் நீ கேட்டுக்கொண்டாய் என்றே நினைத்திருப்பார். தேன்மொழியிடம் அப்படிச் செய்யாதே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், சண்டை போடு, கதவைக்கூடச் சாத்து. அவள் சொன்னது உன்னிடம் வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். நானும் உன் அப்பாவும் இத்தனை வருஷம் ஓட்டியது சண்டை போட்டுத்தான். யாருக்கும் குறைவில்லை.

பிறகு அவருடைய சேதிகள் எல்லாவற்றையும் எடுத்து, எழுதிய தேதி வரிசையிலேயே குழுவில் விட்டேன். சேதி வந்த சத்தம் எல்லார் போனிலும் அடித்திருக்கும். உன் அப்பா சாப்பிடாமல்கூட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார். போய்ப் பார்த்தால் நடு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அவருக்கு முன்னாலேயே அங்கே நின்று ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். "ஏங்க, இப்படி காயுதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்று ஒரே வருத்தமாம். நேற்று சாயங்காலம் தண்ணீர் கடைமடையைத் தொட்டுவிட்டது. தேன்மொழி வாய்க்கால் கரையில் நின்று படம் எடுத்து அனுப்பினாள்; கலங்கல் தண்ணீர், நுரையும் சருகுமாக. கொஞ்சம் நாற்று முற்றித்தான் போயிருக்கிறது, மீதியை நட்டுவிடலாம் என்கிறார்கள். இன்று சேறு அடிக்கிறார்கள்.

தண்ணீர்ச் சேதிகளுக்கெல்லாம் பதில் நடந்துவிட்டது. கல்யாணச் சேதிக்குத்தான் இப்போது ஊர் ஊராகப் பதில் வந்துகொண்டிருக்கிறது. மேல்மடையிலிருந்து எழுதுகிறார்கள், நடு ஊர்க்காரர்கள் எழுதுகிறார்கள், சீர்காழியிலிருந்து உரக்கடைக்காரர் சங்கத்து ஆளைப் பிடித்து எழுதவைத்திருக்கிறார். நான் எழுதினேன். உன் அப்பா சொல்லச் சொல்ல அவருக்காகவும் நானே டைப் செய்தேன். நன்றாக இருக்கட்டும் என்பதையே அவர் மூன்று விதமாகச் சொன்னார். இன்று காலை தேன்மொழி பேசினாள். அவள் அப்பா வயலுக்குப் போகும்போதும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறாராம். புதிதாக ஒரு பதில் வந்ததும் நின்று, கண்ணாடி போட்டு, யார் என்று மட்டும் பார்க்கிறாராம். பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுகிறாராம். அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாராம். சம்பந்தியம்மாதான் சொன்னார்களாம், "மாப்பிள்ளை பார்த்துட்டாரான்னு தேடுறாரு" என்று.

உன்னைப் பற்றி அவர் எழுதிய அந்த நாலு வரியை நான் இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. அங்கேயே போய்ப் படி. எனக்குப் பதில் எழுத வேண்டாம், தம்பி. அவருக்கு எழுது.

அம்மா